நாயும் பூனையும்: ஒரு வீட்டுப் பாடம்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

இருவர் ஓயாது சண்டையிட்டுக் கொண்டால் ‘நாயும் பூனையும் போல’ என்று சொல்லிவிடுகிறோம். பேச்சில் நிலைத்துவிட்ட காரணத்தால் அதை உண்மையென்றே நம்பியும் விடுகிறோம். விலங்கியல் பயிலும் மாணவன் எந்த வழக்கையும் சோதித்துப் பார்க்காமல் ஏற்கலாகாது. இந்த வழக்கைச் சோதிக்கும் வாய்ப்பு சென்ற தை மாதம் எனக்கு வந்தது. நானாகத் தேடிக்கொண்ட வாய்ப்பு அன்று. வீட்டில் வந்து விழுந்த சிக்கல். அதில் நான் கற்றதை நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் உண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது மழையில் நனைந்து வாசலில் ஒதுங்கிய குட்டி அது. இப்போது அதற்கு வயது பத்து. முகவாய் நரைத்துவிட்டது. ஆனாலும் மதில்மேல் ஒரு பூனையைக் கண்டால் போதும், முதுமை மறந்துபோகும். தெருமுனை வரை துரத்திவிட்டுத்தான் திரும்பும்.

சென்ற புரட்டாசியில் தாத்தா காலமானார். அப்பத்தா கிராமத்து வீட்டில் தனியாக இருந்தார்கள். மார்கழியில் முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. இனித் தனியே விடுவதில்லை என்று அப்பா முடிவு செய்தார். அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: “வெள்ளைச்சியும் வரும்ல?” வெள்ளைச்சி என்பது அவர்கள் வளர்த்த இரண்டு வயதுப் பூனை. “நம்ம வீட்டுல மணி இருக்கே, அப்பத்தா” என்றேன். “உங்க தாத்தா போனப்புறம் ராத்திரியில எங்கால்மாட்டுல வந்து படுத்தது அது ஒண்ணுதான்யா. அந்த வாயில்லாச் சீவனை விட்டுட்டு நான் எப்படி வருவேன்?” என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொங்கல் கழிந்து அப்பத்தா வந்தார்கள். மூடிய கூடையில் வெள்ளைச்சியும் வந்தது. ‘முதல் நாளே முகத்தோடு முகம் காட்டிவிட்டால் பழகிவிடும்’ என்பது அப்பாவின் எண்ணம். பூனையைக் கையில் பிடித்தபடி மணியின் முன் காட்டினார். அடுத்த நொடி மணி பாய்ந்தது. பூனை அப்பாவின் முன்கையை நீளக் கீறிவிட்டுப் பரணில் ஏறிக்கொண்டது. மறுநாள் மாலை வரை இறங்கவுமில்லை, உண்ணவுமில்லை. அப்பத்தா பரணுக்குக் கீழே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார்கள். இரவில் தம் துணிப்பையை எடுத்து மடித்து வைக்கத் தொடங்கினார்கள்.

இனி வழி இரண்டுதான் என்றார் அப்பா. பூனையை ஊருக்கே அனுப்புவது. அல்லது மணியை உறவினர் ஒருவரின் தென்னந்தோப்புக்குக் காவலாக அனுப்புவது. பூனை போனால் அப்பத்தாவும் போவார்கள். பத்து வயது நாய் புதிய இடத்தில் சங்கிலியில் எத்தனை நாள் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். “ஒரு மாசம் பொறுங்கப்பா. முடியலைன்னா நீங்க சொல்றபடி செய்யலாம்” என்று கேட்டுக்கொண்டேன். அப்பா ஒப்புக்கொண்டார். மறுநாளே எங்கள் விலங்கியல் பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, “நாய் பூனையை வெறுக்கிறது என்று உனக்கு யார் சொன்னது?” என்பதுதான். அங்கிருந்து பாடம் தொடங்கியது.

பிறவிப் பகையா?

நாயும் பூனையும் ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்த பாலூட்டிகள். நாய்க் குடும்பம் அடங்கிய கிளையும் பூனைக் குடும்பம் அடங்கிய கிளையும் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. அதன்பின் இரண்டும் வேட்டையாடும் முறையில் வேறுவேறு வழியில் சென்றன. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாக வாழ்ந்து, இரையைத் துரத்திக் களைப்படையச் செய்து பிடிப்பது. வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை தனித்து வாழ்ந்து, பதுங்கியிருந்து பாய்ந்து பிடிப்பது.

மனிதனோடு இரண்டும் சேர்ந்த கதையும் வேறு. நாய் குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனோடு வாழ்கிறது. பூனை வந்தது பயிர்த்தொழில் தோன்றிய பின்னர். தானியக் குதிர் இருந்த இடத்தில் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-இல் அறிவித்தனர். ஆக, இரண்டுமே நெடுங்காலமாக நம் வீட்டைச் சுற்றி வாழ்பவை. அவற்றின் உணவும் ஒன்றன்று, உறைவிடமும் ஒன்றன்று. பிறவிப் பகைக்குக் காரணமே இல்லை.

பின் ஏன் துரத்துகிறது? வேட்டை என்பது ஒரே செயல் அன்று. தொடர்ச்சியான சில செயல்கள். உற்று நோக்குதல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல் என அது நீளும். மனிதன் நாயைத் தன் தேவைக்கேற்பத் தேர்ந்து வளர்த்தபோது இச்சங்கிலியில் சில கண்ணிகளை வலுப்படுத்தினான், சிலவற்றைத் தளர்த்தினான். ஆடு மேய்க்கும் நாய்களில் நோக்குதலும் நெருங்குதலும் வலுவானவை. நம் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களில் துரத்துதல் மிக வலுவானது. எந்த நாயிலும் இச்சங்கிலியைத் தூண்டிவிடுவது ஒன்றுதான்: சிறிய உருவம் ஒன்று விரைந்து ஓடுவது. பூனையோ வேட்டையாடும் விலங்கு மட்டுமன்று. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக் கூடியதும் ஆகும். ஆகையால் அச்சம் வந்தால் ஓடும். பூனை ஓடுவதால் நாய் துரத்துகிறது. நாய் துரத்துவதால் பூனை ஓடுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். நாம் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

இரு வேறு மொழிகள்

இன்னொரு தடையும் உண்டு. இரண்டும் உடலால் பேசுபவை. ஆனால் பேசும் மொழி வேறு.

நாய் வாலைத் தளர்வாக அகல ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலைப் பக்கவாட்டில் விசிறி அடித்தால் எரிச்சல். பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி வந்தால் வரவேற்பு. நாய் வாலை விறைப்பாகத் தூக்கினால் பலவேளை மிடுக்கும் எச்சரிக்கையும். விளையாட விரும்பும் நாய் முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து பின்புறத்தை உயர்த்தும். பூனையின் கண்ணுக்கு அது பாயப்போகும் விலங்கின் தோற்றம். நாய் முன்னங்காலைத் தூக்குவது பெரும்பாலும் வேண்டுகோள் அல்லது தயக்கம். பூனை தூக்குவது அறையப் போவதற்கு. நாய் மல்லாந்து படுத்தால் பலவேளை பணிவு. அச்சமுற்ற பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் தயார் என்று பொருள்.

இதைப் படித்த பின்னர்தான் முதல் நாள் நடந்தது எனக்கு விளங்கியது. அப்பாவின் கைப்பிடியில் வெள்ளைச்சியின் வால் விசிறிக்கொண்டிருந்தது. காதுகள் பின்னோக்கிப் படிந்திருந்தன. ‘விலகிப் போ’ என்று அது கத்திக்கொண்டுதான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியவில்லை.

ஆயினும் மொழியைக் கற்க முடியும். இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் கவனித்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சேர்ந்து வாழும் விலங்குகளில் பல, எதிரினத்தின் உடல்மொழியைச் சரியாகப் புரிந்துகொண்டு நடக்கின்றன என்று அவர்கள் கண்டனர். பூனைகள் தமக்குள் செய்வதுபோல் மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிப்பதை நாய்களும் மேற்கொள்கின்றனவாம். பூனை ஆறு மாதத்திற்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் சேர்ந்தால் உறவு நன்கு அமையும் என்றும், பூனை முதலில் வந்த வீடுகளில் எளிதென்றும் அவர்கள் குறித்தனர்.

எங்கள் வீட்டில் நிலைமை நேர்மாறு. பூனைக்கு இரண்டு வயது, நாய்க்குப் பத்து, வீட்டுக்கு முதலில் வந்தது நாய்.

முதிய நாயின் இடர்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பரில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் அறிஞர்கள் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டி எதனோடு பழகுகிறதோ அதைத் தன் சுற்றமாக ஏற்கிறது என்பது அவர்கள் நிறுவிய உண்மைகளில் ஒன்று. பூனைக்குட்டிக்கு இப்பருவம் இன்னும் முந்தியது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை. இப்பருவத்தில் பூனையையே காணாத நாய்க்குப் பின்னாளில் பூனை என்பது ஓடும் பொருள்தான். பருவம் கடந்தால் கற்க முடியாது என்பதில்லை; மெதுவாக, பல படிகளில் கற்பிக்க வேண்டும் என்பதே பொருள்.

முதிய நாய்க்கு வேறு சில இடர்களும் உண்டு. ஏழெட்டு வயதுக்கு மேல் செவித்திறன் குறையத் தொடங்கலாம். கண்வில்லை இறுகி நீலச் சாம்பல் நிறம் தோன்றும். அதனால் மட்டும் பார்வை பெரிதும் கெடுவதில்லை. கண்புரையோ பார்வையை மறைக்கும். மூட்டு வாதம் பல நாய்களுக்கு வருகிறது. வலி உள்ள விலங்கு எளிதில் சினம் கொள்ளும். காது மந்தமான விலங்கு எளிதில் திடுக்கிடும்.

பேராசிரியர் சொற்படி மணியை முதலில் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் பின்னங்காலைப் பிடித்து மெல்ல நீட்டியபோது மணி முனகியது. இடுப்பு மூட்டில் வாதம். முதுகுக்குப் பின்னால் கை தட்டினார்; மணி திரும்பவில்லை. காலை வேளையில் அது எழச் சோம்பல் படுகிறது என்றும், கூப்பிட்டால் அலட்சியம் செய்கிறது என்றும் நாங்கள் ஓராண்டாகக் கேலி பேசியிருக்கிறோம். அது சோம்பலுமன்று, அலட்சியமுமன்று. பத்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த நாயைப் பற்றி எனக்குத் தெரியாதது எவ்வளவு என்று அன்று வெட்கப்பட்டேன். எடைக்கேற்ற வலி மாத்திரையும், படுக்கத் தடித்த சாக்கு விரிப்பும் கொடுத்த பத்து நாளில் மணியின் குணமே சற்றுத் தணிந்தது.

முறையின் அடிப்படை

செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லோவை நாம் அனைவரும் அறிவோம். உணவோடு ஓர் அடையாளம் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால், பின்னர் அவ்வடையாளம் மட்டுமே உமிழ்நீரை ஊறச் செய்யும் என்று அவர் காட்டினார். இதை அச்சம் போக்கப் பயன்படுத்தியவர் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு அவர் செய்த சோதனை 1924-இல் வெளியாயிற்று. சிறுவன் தனக்குப் பிடித்ததை உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலை அவன் கலங்காத தொலைவில் வைத்தார். நாள் செல்லச் செல்ல அருகே கொணர்ந்தார். இறுதியில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான்.

இதில் உயிர்நாடி தொலைவுதான். கலக்கம் எழாத தொலைவில் தொடங்கினால் உணவின் இன்பம் வெல்லும். நெருக்கமாகத் தொடங்கினால் அச்சம் வெல்லும். உணவை நீட்டியும் உண்ணாத விலங்கு தொலைவு போதவில்லை என்று சொல்கிறது. அப்பா செய்தது தொலைவே இல்லாத தொடக்கம்.

படிப்படியாக

முதல் படி, பிரித்து வைத்தல். அப்பத்தாவின் அறையே வெள்ளைச்சிக்கு இடமாயிற்று. கதவு எந்நேரமும் சாத்தியிருக்கும். உள்ளே ஒரு மூலையில் தண்ணீரும் உணவும், எதிர் மூலையில் மணல் நிரப்பிய தட்டு, ஏறி அமர அலமாரியின் மேற்பரப்பு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. பூனை உண்ணத் தொடங்கும் வரை வேறெதுவும் செய்யலாகாது. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே இடராகலாம். மணியின் அன்றாட வாழ்வில் மாற்றம் எதுவும் செய்யவில்லை. அதே நேரத்தில் நடை, அதே திண்ணை, அதே தட்டு. புதியவர் வந்ததால் தன் இடம் பறிபோயிற்று என்று முதிய நாய் உணரக் கூடாது.

இரண்டாம் படி, மணத்தால் அறிமுகம். நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேற்பட்ட மணவுணர் செல்கள் உண்டு. காது மந்தமான மணிக்கு மூக்கே முதல் பொறி. பூனைக்குக் கன்னத்தில் மணச் சுரப்பிகள் உள்ளன. தனக்குரிய பொருள்களில் கன்னத்தை உரசி அடையாளமிடும். பழைய துண்டால் வெள்ளைச்சியின் கன்னத்தைத் துடைத்து மணியின் உணவுத் தட்டுக்கு அடியில் விரித்தேன். மணி படுத்த சாக்கின் ஒரு துண்டை அப்பத்தாவின் அறையில் வைத்தேன். பூனை முதலில் அதைச் சுற்றிப் போயிற்று. மூன்றாம் நாள் அதன்மேல் அமர்ந்தது. பின்னர் இரண்டுக்கும் சாத்திய கதவின் இருபுறமும் உணவு வைத்தேன். தொடக்கத்தில் கதவிலிருந்து ஆறடி. பின் நாளுக்கு அரையடி குறைத்தேன்.

மூன்றாம் படி, தடுப்புக்கு அப்பால் பார்வை. அறை வாசலில் மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்துப் பொருத்தினேன். மாலை நடைக்குப் பின் மணி களைத்திருக்கும் வேளையில், வார் பிடித்து, பன்னிரண்டு அடி தொலைவில் அமர்த்துவேன். பூனையைப் பார்த்த நொடியில் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டு. பூனைக்கு உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலி. ஐந்து நிமிடம்தான், பிறகு திரை போட்டுவிடுவேன். உணவும் நின்றுவிடும். பூனை தோன்றினால் ஈரல், மறைந்தால் ஈரல் இல்லை என்பதே பாடம்.

இங்கே நான் கவனித்துக் குறித்தது ஒன்று. மணி பூனையை வெறித்துப் பார்க்கையில் உடல் விறைக்கும், வாய் மூடும், காதுகள் முன்னோக்கும். கூப்பிட்டால் அதற்குக் கேட்காது. ஆகவே காலால் தரையை இருமுறை தட்டுவேன். அந்த அதிர்வு உணர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தால் உணவு. தட்டியதும் எத்தனை நொடியில் திரும்புகிறது என்று குறிப்பேட்டில் எழுதினேன். முதல் நாள் திரும்பவே இல்லை. ஆறாம் நாள் இருபது நொடி ஆயிற்று. பதினோராம் நாள் நான் தட்டும் முன்பே பூனையைப் பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தது. பாவ்லோவின் பாடத்தை நூலில் படித்தபோது கிடைக்காத மகிழ்ச்சி அன்று கிடைத்தது.

நான்காம் படி, ஒரே அறையில், வாருடன். பூனையைக் கையில் தூக்கி வைத்திருக்கக் கூடாது. பிடிபட்ட பூனைக்கு நகத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அது தானாக வர வேண்டும்; ஏறிக்கொள்ள உயரமும், வெளியேற இரு வழியும் திறந்திருக்க வேண்டும். நாய்தான் வாரில் இருக்க வேண்டும், அந்த வாரும் இறுக்கமின்றித் தளர்வாக இருக்க வேண்டும். வார் இறுகினால் நாயின் மனமும் இறுகும். உறுமினால் அடிக்கவும் கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை; எச்சரிக்கைக்கு அடித்தால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். அமைதியாகத் தொலைவைக் கூட்டுவதே முறை.

இப்படியில் நான் ஒரு தவறு செய்தேன். மூன்றாம் வார முடிவில் முன்னேற்றம் கண்டு துணிந்து, நாள் குறைவாக இருக்கிறதே என்ற பதைப்பில், வாரைக் கழற்றிவிட்டேன். சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்தது. வெள்ளைச்சி திடுக்கிட்டு ஓடியது. மணி துரத்தியது. அலமாரி இருந்ததால் பூனை பிழைத்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு படி கீழிறங்கி மீண்டும் கம்பிவலைக்குச் சென்றேன். ஒரு துரத்தல் பத்து நாள் பாடத்தை அழிக்கும் என்பதை அன்று கற்றேன். நாள் குறித்துக்கொண்டு செய்யும் காரியம் அன்று இது. விலங்கு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியில்தான் நாமும் நிற்க வேண்டும்.

ஒரு மாதம் முடிந்த அன்று மணி வாரோடு திண்ணையிலும், வெள்ளைச்சி எட்டடி தள்ளி அப்பத்தாவின் மடியிலும் இருந்தன. மணி ஒருமுறை பார்த்தது, கொட்டாவி விட்டது, தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டது. “இன்னும் ஒரு மாசம் ஆகட்டும்” என்றார் அப்பா. தோப்பைப் பற்றிப் பிறகு அவர் பேசவில்லை.

ஐந்தாம் படி, கண்காணிப்பில் விடுதலை. இதற்கு மேலும் மூன்று வாரம் ஆயிற்று. முதலில் வாரைத் தரையில் இழுபட விட்டேன், பிறகு கழற்றினேன். ஒரு நாள் வெள்ளைச்சி தானாகவே மணியின் அருகே நடந்து வந்து, மூக்கை நீட்டி முகர்ந்தது. மணி அசையாமல் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டது. நாயின் மொழியில் அது ‘உன்னோடு எனக்குச் சண்டையில்லை’ என்பதாகும்.

மறக்கக் கூடாதவை

இரண்டையும் ஆளில்லாத வீட்டில் சேர்த்து விட்டுச் செல்வதில்லை. இன்றும் நாங்கள் வெளியே போனால் அப்பத்தாவின் அறைக் கதவு சாத்தப்படும். முன்பே பூனையைக் கடித்துக் கொன்ற பழக்கமுள்ள நாய்க்கு இம்முறை பொருந்தாது. அத்தகைய நாயை நிலையாகப் பிரித்து வைப்பதே அறிவுடைமை.

உணவுத் தட்டுகள் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். பூனையினுடையது உயரத்தில் இருப்பது நலம். முதிய நாய் தன் தட்டைக் காக்கச் சினம் கொள்ளும். மேலும் பூனை முற்றிலும் ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தை அதன் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஊனிலிருந்தே பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-இலும், இதயத் தசை நலியும் என்று 1987-இலும் கண்டறியப்பட்டது. நாய்க்கு வைக்கும் சோற்றையே பூனைக்கும் வைத்து வளர்க்க முடியாது.

மருந்தில் மிகுந்த கவனம் வேண்டும். நாயின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்குக் கடும் நஞ்சு. நாய்மேல் பூசிய ஈரம் காயும் முன் பூனை அதனோடு உரசினாலும் இடர். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் பூனையைக் கொல்லும். நாய்க்கும் மனிதருக்குரிய வலி மாத்திரையை நாமாகக் கொடுக்கலாகாது.

வெறிநோய்த் தடுப்பூசி இரண்டுக்கும் கட்டாயம். பூனைக்கும் வெறிநோய் வரும். அதன் கடியாலும் கீறலாலும் மனிதருக்குப் பரவக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குன்னூரில் 1907-ஆம் ஆண்டிலேயே வெறிநோய்த் தடுப்புக்காகப் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. நூறாண்டு கழிந்தும் காயத்தில் மிளகாய்ப்பொடி வைப்போர் இருப்பது வருந்தத்தக்கது. அப்பா தம் கீறலுக்கு முதலில் மஞ்சள் வைக்கத்தான் போனார். தடுத்துக் கழுவிவிட்டு ஊசிக்கு அழைத்துச் சென்றோம்.

முடிவுரை

மணியும் வெள்ளைச்சியும் நண்பர்களாகிவிட்டன என்று எழுதினால் கட்டுரை இனிமையாக முடியும், ஆனால் உண்மையாகாது. அவை ஒன்றையொன்று தேடிச் செல்வதில்லை, கட்டிப்புரண்டு விளையாடுவதுமில்லை. ஒன்றின் இருப்பை மற்றொன்று பொறுத்துக்கொள்கிறது. முதிய நாய்க்கும் வளர்ந்த பூனைக்கும் அவ்வளவே இயலும்; ஒரு வீட்டில் சேர்ந்து வாழ அவ்வளவே போதும்.

இம்முயற்சியில் பூனை கற்றது கொஞ்சம், நாய் கற்றது கொஞ்சம். மிகுதியாகக் கற்றது நாங்கள்தான். வாலின் அசைவையும் காதின் படிவையும் பார்க்கக் கற்றோம். முடியாத கிழத்தின் முனகலுக்குக் காரணம் கேட்கக் கற்றோம். ‘பழகிவிடும்’ என்று விட்டுவிடுவதற்கும் பழக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றோம்.

இப்போது இரவில் அப்பத்தாவின் கட்டில்மேல் கால்மாட்டில் வெள்ளைச்சி படுக்கிறது. கட்டிலுக்கு நான்கடி தள்ளி, சாக்கு விரிப்பில் மணி படுக்கிறது. விளக்கை அணைக்கும் முன் அப்பத்தா இரண்டையும் ஒருமுறை பார்ப்பார்கள். சென்ற வாரம் மணி எழ முடியாமல் தடுமாறியபோது, “மெதுவா எந்திரி சாமி, உனக்கும் எனக்கும் இனி என்ன அவசரம்?” என்றார்கள். மணிக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அவர்கள் கையால் கட்டில் காலை இருமுறை தட்டினார்கள். மணி திரும்பிப் பார்த்தது. நான் அப்பத்தாவுக்கு அதைக் கற்பிக்கவே இல்லை.